சொந்தக் காணியில் மண்கட்டு: வட்டவிதானையும் நீங்கள்தான்

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமப் பக்கம் மேட்டுக்காணி வாங்குகிறவர்கள் முதல் வருடம் கிணற்றைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டாவது மாரி முடிந்ததும் குளத்தைப் பற்றிக் கேட்பார்கள். கார்த்திகை, மார்கழியில் காணிக்குள்ளால் ஓடிய ஓடை ஆடிக்குள் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் பொறுக்காது. குறுக்கே ஒரு கட்டுப் போட்டால் என்ன? பெக்கோவுக்கு இரண்டு நாள் வாடகை, மண் காணிக்குள்ளேயே இருக்கிறது. நானும் இந்தக் கணக்கில்தான் இறங்கினேன். கணக்கு பிழைத்த இடங்களைச் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஊர்க்குளத்துக்கு ஆள் இருக்கிறது. தண்ணீர்ப் பங்கீட்டையும் குளத்தையும் பார்க்கும் வட்டவிதானை இருக்கிறார், கமக்காரர் அமைப்பு இருக்கிறது, போகம் தொடங்குமுன் கூட்டம் நடக்கிறது, துருசில் (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாயில்) கசிவென்றால் யாராவது கமநல சேவை நிலையத்துக்குப் போய்ச் சொல்கிறார்கள். 200 ஏக்கருக்கு மேல் பாய்ச்சும் குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளர் பொறுப்பு. உங்கள் காணிக்குள் நீங்கள் போடும் கட்டை ஒருவரும் வந்து பார்க்கப் போவதில்லை. இடம் தேடுமுன்னே இதை யோசித்துவிடுங்கள். மாரியில் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறவர் கட்டவே வேண்டாம், கிணற்றோடு நில்லுங்கள்.

கட்டுக்குக் கீழே யார்?

இடம் பார்க்கும்போது எல்லோரும் மேலே பார்ப்பார்கள்: எவ்வளவு நிலத்துத் தண்ணீர் வரும், எங்கே ஒடுக்கமான வாய். முதலில் கீழே நடங்கள். ஓடை போகும் வழியே ஒரு மைல் நடந்து, வழியில் உள்ள வீடு, பாடசாலை, மதகு, வயல், மாட்டுப்பட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டு போனால் தண்ணீர் போகிற வழி அதுதான்.

சின்னக் குளம்தானே என்று நினைப்பவருக்கு ஒரு கணக்கு. நீர்ப்பரப்பு ஒரு ஏக்கர், ஆழமான இடம் 10 அடி என்று வையுங்கள். பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி அதில் நாற்பது வீதம் எடுத்தால் கொள்ளளவு ஓரளவுக்குச் சரியாக வரும்: 4 ஏக்கர்அடி. இது கிட்டத்தட்ட 4,900 கனமீட்டர், அதாவது 4,900 தொன். மூன்று கியூப் டிப்பரில் (ஒரு கியூப் 100 கன அடி) ஏற்றினால் 580 லோடு. அவ்வளவும் அரை மணித்தியாலத்துக்குள் உங்கள் பக்கத்துக் காணிக்காரரின் முற்றத்தில் வந்து இறங்குவதாக நினைத்துப் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20 அன்று விடியப்புறம் மூன்று மணியளவில் உடைந்தது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல் அழிந்தது. நம்மவர் குளக்கோட்டன் கட்டியது என்பார்கள், சரித்திர நூல்கள் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதியைச் சொல்லும். எப்படியானாலும் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய குளம். மாதத்தைக் கவனியுங்கள். அது சித்திரை, வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மாதக்கணக்காகிவிட்டது. மழை பெய்தால்தான் கட்டு உடையும் என்றிருந்தால் அந்த இரவு ஒன்றும் நடந்திருக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் வெள்ளத்தில் மாவிலாற்றுக் கட்டு உடைந்தது மற்ற வகை.

இவையெல்லாம் அரசாங்கத்துப் பெரிய கட்டுகள். தனியார் கட்டுக்குக் கென்யாவின் சோலாய் போதும். ஒரு பெருந்தோட்டத்துக்குச் சொந்தமான மண் அணை 2018 மே 9 இரவு உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

இன்னொன்று. உங்கள் ஓடை கீழே ஒரு ஊர்க்குளத்துக்குள் விழுகிறதா? இங்கே குளங்கள் தொடராகவே இருக்கும், ஒன்றின் வான் (நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வாய்) மற்றதன் வரத்து. மேலுள்ளது உடைந்தால் அந்த வேகத்தில் கீழுள்ளதும் போகலாம். வறண்ட வருடத்தில் அவர்களுக்கு வரவேண்டிய தண்ணீரை நீங்கள் மறித்ததாகவும் ஆகும், அந்தச் சண்டை தலைமுறைக்கும் நிற்கும். கட்டுக்கு நேர் கீழே ஆட்கள் படுத்துறங்கும் வீடு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மேட்டில் கட்டு இல்லாமல் தோண்டும் குட்டை போதும்.

அனுமதி

கிராம உத்தியோகத்தரையும் கமநல சேவை நிலையத்தையும் முதலில் பாருங்கள். நிலம் வயல் பதிவில் இருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் அதை வேறு தேவைக்கு மாற்ற முடியாது. ஓடையை மறிப்பதென்றால் பிரதேச செயலகமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் தெரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து கிறவலோ மணலோ ஏற்றினால் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் கேட்டு றோட்டில் மறிப்பார்கள். அலைச்சல்தான். ஆனால் கமநல நிலையத்துக்கு நடந்த நடையில்தான் எனக்கு ஓய்வுபெற்ற ஒரு வட்டவிதானையின் பழக்கம் கிடைத்தது. அவர் கதை பிறகு வரும்.

மண்ணைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் கட்டு நிற்காது. உள்ளே வந்தால் சிவந்த கபில மண், பள்ளத்தில் சாம்பல் களி. அளவான களியும் மணலும் கலந்த மண் வேண்டும். ஈரமண்ணை உள்ளங்கையில் பென்சில் தடிப்புக்கு உருட்டிப் பாருங்கள். உடையாமல் உருண்டால் களி இருக்கிறது.

களி இருந்தால் மட்டும் போதாது. எங்கள் பக்கத்தில் அங்கங்கே உவர்க்களி உண்டு. காய்ந்தால் கல், நனைந்தால் பாலாகக் கரையும். இதில் கட்டிய கட்டுக்குள் சின்ன வெடிப்பு விழுந்தாலும் தண்ணீர் அதன் சுவரைக் கரைத்துக் கரைத்து ஒரு குழாயாக்கிவிடும். கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு ஜாம் போத்தலைக் கழுவி, பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணியை (அசிட் அல்ல, காய்ச்சி வடித்த நீர்) ஊற்றுங்கள். பயறு அளவு மண்கட்டி ஒன்றை மெல்ல உள்ளே விட்டு, போத்தலை அசைக்காமல் பத்து நிமிடம் பாருங்கள். கட்டி அப்படியே இருந்தாலோ பொலபொலவென்று உதிர்ந்து அடியில் குவிந்தாலோ பயமில்லை. அதைச் சுற்றிப் புகைபோல ஒரு கலங்கல் எழும்பி அடிமுழுக்கப் பரவினால் அந்த மண் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் செய்யாதீர்கள். நம் கிணறுகளில் உள்ள உப்பு அந்தக் கலங்கலை அடக்கிவிடும், மண் நல்லதுபோல நடிக்கும். நான் காணியின் ஏழு இடத்தில் மண் எடுத்தேன். இரண்டு போத்தலில் பால் போல வந்தது. அந்த மூலைப்பக்கம் பெக்கோவை விடவே இல்லை.

அடியும் உயரமும்

கட்டு வரும் இடத்தில் புல், வேர், கறுத்த மேல்மண் எல்லாவற்றையும் வழித்து எடுங்கள். நடுவால் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் விடாத இறுகிய மண் வரும்வரை இறங்கி, நல்ல களியால் நிரப்பி இறுக்க வேண்டும். இதைச் செய்யாத கட்டு கம்பளத்தில் வைத்த பெட்டி மாதிரி, தண்ணீர் அடியால் போகும்.

சரிவைப் பலர் செங்குத்தாக விட்டுவிடுகிறார்கள், மண் மிச்சமென்று. தண்ணீர்ப்பக்கம் ஒரு அடி உயரத்துக்கு மூன்று அடி, வெளிப்பக்கம் ஒன்றுக்கு இரண்டு. உச்சி எட்டு அடி அகலம். 10 அடி உயரக் கட்டுக்கு அடியகலம் 58 அடி வரும், பார்த்தால் கட்டு ஒரு வீதியைப் படுக்கவைத்ததுபோலத் தெரியும். மண் கணக்கு: ஓரடி நீளத்துக்கு 3.3 கியூப், நூறு அடிக்கு 330 கியூப். இது இறுக்கிய அளவு. தளர்ந்த மண்ணாக வாங்கினால் கால்வாசி கூட வேண்டும். இந்த எண்ணைப் பார்த்தபிறகு பாதிப்பேர் திட்டத்தைக் கைவிடுவார்கள். கைவிடுவது நல்லதுதான். பாதி மண்ணில் கட்டுவதைவிட.

ஆறு அங்குலம், கூடினால் எட்டு அங்குலம் பரப்பி, இறுக்கி, பிறகு அடுத்த படை. மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கை நனையக்கூடாது. பெக்கோ ஓட்டுநர்கள் தங்கள் செயினால் ஏறி இறங்கினால் இறுகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள். சேற்றில் புதையாமல் இருக்கத் தன் பாரத்தை அகலமாகப் பரப்பும்படிதான் அந்தச் செயினைச் செய்திருக்கிறார்கள். ரோலர் வேண்டும். கிடைக்காவிட்டால் மண் ஏற்றிய டிப்பரைச் சில்லுத்தடம் சில்லுத்தடமாக முழு அகலத்துக்கும் ஓட்டுங்கள். எவ்வளவு இறுக்கினாலும் கட்டு நாளடைவில் கொஞ்சம் அமுங்கி இறங்கும், ஆகவே நடுப்பகுதியை ஒரு அடி உயர்த்தியே முடியுங்கள்.

தண்ணீர் நிறைந்திருக்கும் மார்கழி, தையில் வாடைக்காற்று அடிக்கும். உங்கள் கட்டு குளத்தின் தென்மேற்குப் பக்கம் இருந்தால் அலை முழுக்க அதன் முகத்தில். அங்கே கல் அடுக்குங்கள்.

வான்

மண்கட்டுகள் உடைவதில் ஏறத்தாழப் பாதி, தண்ணீர் உச்சிக்கு மேலால் வழிந்து. அரை மணித்தியாலம் வழிந்தாலே முதுகு அரிந்து வாய் திறந்துவிடும். ஆகவே வானுக்குக் கஞ்சத்தனம் கூடாது.

மேலே 50 ஏக்கர் நிலத்துத் தண்ணீர் உங்கள் ஓடையில் சேருகிறது என்று வைப்போம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு கொட்டு மழை, நிலம் முன்னமே ஊறியிருப்பதால் பாதி ஓடிவருகிறது. வினாடிக்கு 2,800 லீட்டர். இதை வானில் ஒன்றரை அடி ஆழத்துக்கு மேல் எழும்பாமல் விட வேண்டுமென்றால் வான் 18 அடி அகலம் வேண்டும். புல் வளர்ந்த வானென்றால் இருபது, இருபத்திரண்டு வையுங்கள். கட்டின் உச்சி, வானின் அடியைவிட மூன்று அடி உயரம்: ஒன்றரை அடி தண்ணீருக்கு, ஒன்றரை அடி அலைக்கும் உங்கள் நித்திரைக்கும். நிலம் 100 ஏக்கர் என்றால் அகலம் இரட்டிப்பு. 100 ஏக்கருக்கு மேல் போனால் இதை நிறுத்திவிட்டு ஒரு பொறியியலாளருக்குக் காசு கொடுங்கள்.

வானை நிரப்பிய மண்ணில் வெட்டாதீர்கள். கட்டின் ஓரத்தில், தொடாத இயற்கை நிலத்தில் வெட்டி, தண்ணீர் கட்டின் காலில் விழாதபடி தள்ளிக் கொண்டுபோய் ஓடையில் விடுங்கள்.

தை பிறக்கும்போது ஊரில் ஒரு ஆசை பிறக்கும். வானில் இரண்டு வரிசை மண்மூடை அடுக்கினால் இன்னும் ஒரு அடி தண்ணீர் நிற்கும், சிறுபோகத்துக்கு உதவும். நானும் கேட்டிருக்கிறேன், நல்ல கமக்காரர்களே செய்கிறார்கள். அந்த ஒரு அடி உங்கள் நித்திரையிலிருந்து எடுத்தது. கடைசி மழை எது என்று யாருக்கும் தெரியாது, 2011இல் கிழக்கு முழுக்க மூழ்கியது தை மாதத்தில்தான். மீன் பிடிக்க வானுக்குக் குறுக்கே வலை கட்டுவதும் இதே பிழைதான். ஒரு மரக்கட்டையும் கொஞ்சம் சல்வீனியாவும் (நீரில் மிதக்கும் களை) வந்து அந்த வலையில் மாட்டினால் போதும், வான் மூடிவிடும்.

குழாய், என் பிழை

தண்ணீர் எடுக்கக் கட்டின் அடியால் நாலு அங்குலப் பிவிசி குழாய் ஒன்று போட்டேன். கட்டு முடிந்த பிறகு ஞாபகம் வந்து, குறுக்கே வெட்டி, குழாயை வைத்து, வெட்டிய மண்ணையே மேலே தள்ளி மூடினோம். பெக்கோ ஓட்டுநர் வாளியால் நாலு தட்டுத் தட்டினார். "இது போதும் அண்ணே, மழை வந்தா தானா இறுகும்."

மார்கழியில் ஒரு காலை, குழாய் வாய்க்குப் பக்கத்தில் நிலம் ஈரமாகக் கிடந்தது. பெருவிரல் அளவு நீர் வந்துகொண்டிருந்தது. கசிவு இல்லாத குளம் உண்டா என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அந்த வட்டவிதானை ஐயா வேறு அலுவலாக வந்தவர் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய் ஒரு கண்ணாடிக் கிளாஸை எடுத்துவந்து அந்த நீரைப் பிடித்தார். விறாந்தை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். குடித்து முடிக்கும்போது கிளாஸின் அடியில் ஒரு நூல் தடிப்புக்கு மண் படிந்திருந்தது.

"தம்பி, தண்ணி வாறது பரவாயில்ல. மண்ணையும் கொண்டு வருது, அதுதான் சரியில்ல. உள்ள ஓட்ட பெருக்குது."

இறுகாத மண்ணுக்கும் வழுவழுப்பான குழாய்க்கும் இடையில் தண்ணீர் வழி கண்டுவிட்டது. உடைவுகளின் மற்றப் பாதி பெரும்பாலும் இந்த உள்ளரிப்புத்தான். குழாயின் ஓரம் அது விரும்பிப் பிடிக்கும் இடம்.

ஆகவே புதியவருக்கு என் ஆலோசனை: கட்டுக்குள்ளால் குழாய் போடவே வேண்டாம். உச்சிக்கு மேலால் ஒரு சைபன் குழாய் வளைத்துப் போடுங்கள். ஒருமுறை நீர் நிரப்பிவிட்டால் பம்பி இல்லாமலே ஓடும், ஆபத்தில் குளத்தை இறக்கவும் அதுவே உதவும். கட்டாயம் குழாய்தான் வேண்டுமென்றால் கட்டு எழும்புமுன் போட்டு, சுற்றிவர நாலு நாலு அங்குலமாகக் கைத்திமிசால் இடித்து, வெளிப்பக்க மூன்றிலொரு பங்கு நீளத்தில் ஓரிடத்தில் குழாயைச் சுற்றி ஆற்றுமணலால் தடித்த வளையம் கொடுங்கள். தண்ணீர் அந்த மணலால் வடியும், மண் நின்றுவிடும். வால்வு தண்ணீர்ப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் கட்டுக்குள் குழாய் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும்.

முதல் மாரி

புதுக் கட்டுக்கு மிக ஆபத்தான காலம் முதல்முறை நிறையும்போது. அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று முதல் நிரப்பலிலேயே போனது. காலை ஏழரை, எட்டு மணிக்குச் சேற்றுநீர் கசிவதைக் கண்டார்கள். ஓட்டையை அடைக்க இரண்டு புல்டோசர் இறக்கினார்கள், இரண்டையும் அது விழுங்கியது. நண்பகலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அணை இல்லை. 300 அடி உயரம், பொறியியலாளர் கூட்டமே அங்கே நின்றது.

முடிந்தால் முதல் வருடம் அரைவாசியில் நிறுத்துங்கள். வானைத் தற்காலிகமாகத் தாழ்த்தி வெட்டிவிட்டால் அதற்கு மேல் ஏறாது. அடுத்த வருடம் உயர்த்தலாம்.

கட்டின் முதுகு

குளம் வைத்திருப்பவர்கள் பின்னேரம் கட்டில் நின்று தாமரையையும் கொக்கையும் பார்ப்பார்கள். நீங்கள் மற்றப் பக்கம் இறங்கி, வெளிக்கால் முழுக்கச் செருப்பில்லாமல் நடங்கள். மாரியில் தினமும், கொட்டு மழையில் இரண்டு தரம், கோடையில் மாதம் ஒருமுறை. உள்ளங்காலுக்குச் சதசதப்பு முதலில் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான். காய்ந்த கட்டில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். (பாம்புக்குப் பயமென்றால் பூட்ஸ் போடுங்கள், அப்போது கம்பால் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும்.)

கசிவு இருந்தால் ஒரு சிறு குழாயால் ஒன்றுசேர்த்து 20 லீட்டர் பெயின்ட் வாளிக்குள் விட்டு, நிரம்ப எத்தனை நிமிடம் என்று சி.ஆர். கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் திகதி, குளத்து நீர்மட்டம், தெளிவா கலங்கலா. மட்டம் ஏறாமல் வாளி சீக்கிரம் நிரம்பத் தொடங்கினால் உள்ளே ஏதோ மாறிவிட்டது.

நண்டு வளை, எலி வளை, முள்ளம்பன்றிக் குழி, கறையான் புற்று எல்லாவற்றையும் அடிவரை தோண்டி இறுக்கிய களியால் மூடுங்கள். மேலால் மண் போட்டு மிதித்தால் அது மூடி மட்டும்தான். மாடும் எருமையும் ஒரே இடத்தால் ஏறி இறங்கினால் உச்சியில் பள்ளம் விழும், முதலில் தண்ணீர் வழியப்போவது அங்கேதான். யானை வந்தால் வந்ததுதான், மறுநாள் போய்த் திருத்துங்கள்.

கட்டில் அறுகம்புல் மட்டும். புதிதாக வருகிறவர்கள் வரிசையாகத் தென்னை வைப்பார்கள், அழகாயிருக்கும், வேண்டாம். வேர் இறந்து உக்கினால் அந்த இடம் ஒரு குழாய். ஊர்க்குளத்துக் கட்டில் பெரிய மருது நிற்கிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கட்டுகளின் அகலத்தை ஒருநாள் அளந்து பாருங்கள்.

கலங்கல் வந்தால்

என் குழாயடியில் வந்தபோது செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் கீழேயுள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு இரண்டு மணித்தியாலம் தாமதித்தேன், அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கடைசியில் போன் எடுத்தபோது கீழ்க்காணிக் காக்கா ஏசவில்லை, "மாட்ட அவுத்து உடுறன் தம்பி, நீ குளத்தப் பாரு" என்றார். தொலைபேசி இலக்கங்களை மாரிக்கு முன்பே வாங்கி வையுங்கள். இரவில் யாரும் எடுக்காவிட்டால் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கோ கோயில் மணிக்கோ யாரிடம் சொல்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழையுங்கள்.

அடுத்தது மட்டத்தை இறக்குவது. சைபன், இரவல் பம்பி, எது கிடைத்தாலும். மண்வெட்டியால் கட்டை வெட்டிவிடச் சிலர் ஓடிவருவார்கள், விடாதீர்கள். வெட்டுவதென்றால் வான் பக்கத்து இயற்கை நிலத்தை வெட்டுங்கள்.

கசிவு வரும் வாயைக் களியால் அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே அழுத்தம் ஏறிப் பக்கத்தால் பிய்த்துக்கொண்டு வரும். வாயின் மேல் முதலில் பரும்படியான ஆற்றுமணல், அதற்கு மேல் சின்னக் கல், பிறகு பெரிய கல், சுற்றிவர மண்மூடை வளையம். தண்ணீர் வரட்டும், தெளிவாக வரட்டும். தண்ணீர்ப்பக்கம் சுழி தெரிந்தால் அந்தப் பக்கம் வைக்கோல், படங்கு, மண்மூடை போட்டு அடைக்கலாம். ஓட்டைக்கு நேர் மேலே உச்சியில் ஆளோ உழவு இயந்திரமோ நிற்கக்கூடாது. ஓட்டை கையளவுக்கு மேல் பெருத்துவிட்டால் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு மேட்டுக்குப் போங்கள்.

எனக்கு ஒரு இரவும் ஒரு பகலும் போனது. இரண்டு பம்பியும் சைபனுமாக நாலு அடி இறங்கியபோது கிளாஸில் பிடித்த நீர் தெளிந்திருந்தது. அந்தக் கோடையில் குழாயைத் தோண்டி எடுத்து, சரிவாகப் படிவெட்டி, புதிதாக இறுக்கினேன்.

ஆபத்து இல்லாத காலத்தில் இப்படி விரைவாக இறக்காதீர்கள். உள்முகம் ஊறிக் கனத்துப்போயிருக்கும், அதைத் தாங்கி நின்ற தண்ணீர் சட்டென்று விலகினால் சரிந்து குளத்துக்குள் விழும். ஒரு நாளைக்கு ஒரு அடி போதும். ஆனி, ஆடியில் களி காய்ந்து வெடிக்கும். நீளவாட்டில் ஓடும் வெடிப்பைவிடக் குறுக்கே, தண்ணீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகும் வெடிப்பு மோசம். அதன் அடிவரை வெட்டி, ஈரக்களி போட்டு இடித்து, ஐப்பசி முதல் மழைக்கு முன் முடித்துவிடுங்கள். கொப்பியில் வெடிப்பின் இடத்தையும் குறித்து வையுங்கள், பெரும்பாலும் அடுத்த வருடமும் அதே இடத்தில்தான் வரும்.